வேட்டனின் வலது கை

"மூன்றாவது முறை, அடிகளே. இனி நான் என்ன செய்ய?"

மலையேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே நடுவர் காரி கேட்டுவிட்டார்.

 குரத்தி தான் உட்காரவிருந்த பாறையை மயிற்பீலியால் மெல்லப் பெருக்கிக்கொண்டிருந்தார். எறும்புகள் விலகிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு உட்கார்ந்தார்.

அந்தக் காலத்தில் சமணப் பெண் துறவிகளைக் குரத்தி என்பார்கள். மணற்குடி என்ற ஊருக்கு மேற்கே இருந்த மொட்டை மலையில் இந்தக் குரத்தி சில ஆண்டுகளாகத் தங்கியிருந்தார். காரியைவிட வயதில் இளையவர். காரிக்குத் தலை முழுதும் நரைத்துவிட்டது. மணற்குடியின் வழக்குகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் நடுவர் அவர். ஆனாலும் இந்த மலைக்கு வந்தால் வெறுந்தரையில்தான் உட்காருவார்.

"யார்?" என்று கேட்டார் குரத்தி.

"வேட்டன். மாடு திருடுகிறவன். முதல் முறை ஊரார் முன்னால் நிறுத்தி எச்சரித்தேன். அடுத்த முறை சாட்டையடி கொடுத்தேன். இப்போது செக்காட்டும் சேந்தியின் மாடுகள் இரண்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். ஆற்றைக் கடக்கும்போது ஒரு மாட்டை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இன்னொன்று நொண்டிக்கொண்டு நிற்கிறது."

"ஊர் வழக்கம் என்ன?"

"மூன்றாவது முறை என்றால் வலது கையை வெட்ட வேண்டும்."

"வெட்டச் சொல். இங்கே எதற்கு வந்தாய்?"

காரி தயங்கினார்.

"வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. நடுவருக்குச் சரியென்று பட்டால், தண்டனையைச் சொல்லிவிட்டு நிறுத்திவைக்கலாம். குற்றவாளியை ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம்வரை ஊரின் கண்காணிப்பில் விடலாம். ஒழுங்காக இருந்துவிட்டால் தண்டனை இல்லை. எனக்குத் தெரிந்து எந்த நடுவரும் அப்படிச் செய்ததில்லை."

"உனக்குச் சரியென்று படுகிறதா?"

"அதுதான் தெரியவில்லை. காலையில் ஒன்று படுகிறது, மாலையில் வேறொன்று படுகிறது. வெட்டச் சொன்னால் கொடுமைக்காரன் என்று தோன்றுகிறது. விட்டுவிட்டால் கோழை என்று தோன்றுகிறது."

"யாரைப் பற்றிச் சொல்கிறாய்?"

"என்னைப் பற்றித்தான்."

"வழக்கு உன்மேலா?"



காற்று பாறைகளுக்கு நடுவே புகுந்து வந்தது. கீழே ஊர் ஒரு கைப்பிடி ஓலை போலக் கிடந்தது.

"அந்தக் கையைப் பார்த்திருக்கிறாயா?" என்றார் குரத்தி.

"எந்தக் கையை?"

"வெட்டலாமா என்று கேட்கிறாயே, அதை."

"பார்த்திருக்கிறேனே. கட்டித்தானே கொண்டுவந்து நிறுத்துவார்கள்."

"தொட்டிருக்கிறாயா?"

"நான் ஏன் தொட வேண்டும்?"

"நாளைக்குப் பொழுது விடிந்ததும் போய் அதைப் பிடித்துக்கொள். பொழுது சாயும்வரை விடாதே. அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்."

காரி சிரிக்கப் பார்த்தார். குரத்தியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும், அடிகளே."

"ஆமாம்," என்றார் குரத்தி. நீர்க்குடுவையை எடுத்துக்கொண்டு குகைக்குள் போய்விட்டார்.

•

மன்றத்துக்குப் பின்னால் கல்லால் கட்டிய சிறிய அறையில் வேட்டனை அடைத்து வைத்திருந்தார்கள். கதவு திறந்ததும் அவன் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். நெட்டையானவன். முதுகில் பழைய சாட்டையின் தழும்புகள் கயிறு கயிறாக இருந்தன.

"இன்னைக்கா ஐயா?"

"இல்லை. கையைக் கொடு."

"எதுக்கு?"

"கொடு."

வேட்டன் நீட்டினான். "அளவெடுக்கறீங்களா?"

 காரி தன் இடது கையால் அவனுடைய வலது கையைப் பற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வேட்டனும் உட்கார வேண்டியதாயிற்று.

கை சூடாக இருந்தது.

அது சூடாக இருக்கும் என்று காரி நினைத்திருக்கவில்லை. எப்படி இருக்கும் என்றும் அவர் யோசித்ததில்லை. உள்ளங்கையின் குறுக்கே கயிறு ஓடி ஓடிக் காய்த்துப்போன மேடு இருந்தது. பெருவிரல் நகம் பிளந்திருந்தது. மணிக்கட்டில் நாடி விட்டு விட்டு அடித்தது. கொஞ்ச நேரத்தில் அது வேகமாக அடித்தது. இவன் பயந்திருக்கிறான் என்று காரிக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்த்தால் அது தெரியவில்லை.

காவலன் கஞ்சி கொண்டுவந்து வைத்தான். நடுவர் திருடனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வெளியே ஓடினான். ஊருக்குச் செய்தி அப்படித்தான் போயிற்று.

வேட்டன் கஞ்சியை இடது கையால் குடித்தான். பாதி மேலே சிந்திற்று.

"பரவாயில்லை ஐயா. பழகிக்கணும்ல?" என்றான்.

காரி மறு கையால் கஞ்சிக் கலயத்தைத் தாங்கிப் பிடித்தார். கையை மட்டும் விடவில்லை.

"ஏன் திருடினே?" என்று கேட்டார்.

"தெரியாது ஐயா."

"தெரியாதுன்னா?"

"மன்றத்துல கேட்டப்போ பசின்னு சொன்னேன். போன தடவை கேட்டப்போ சேர்க்கை சரியில்லைன்னு சொன்னேன். கேட்டா ஏதாச்சும் சொல்லித்தானே ஆகணும்? நெசமா எனக்குத் தெரியலை. மாட்டைப் பாத்தா பிடிச்சுப்போகுது. கை கயித்தை அவுத்துடுது. அவுத்தப்புறந்தான் ஐயோன்னு இருக்கு."

"அப்புறம் திரும்பக் கட்டிட்டு வர வேண்டியதுதானே?"

"அதுக்குள்ள அது என்கூட நடக்க ஆரம்பிச்சிடுது."

காரி அவனையே பார்த்தார். பொய் சொல்கிறவர்களின் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். இது அது இல்லை.

"எப்படிப் பிடிபட்டே?"

"ஆத்துல ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு பாறை இடுக்குல காலை விட்டுக்கிச்சு. காலை எடுத்துவிட்டுட்டு அது பக்கத்துல உக்காந்திருந்தேன். சேந்தி ஆளுங்க வந்தாங்க."

"ஓடியிருக்கலாமே."

"ஓடியிருக்கலாம்." வேட்டன் சுவரைப் பார்த்தான். "அது கத்திக்கிட்டே இருந்துச்சு ஐயா."

அடுத்த கேள்வி என்னவென்று காரிக்குத் தெரியவில்லை. மன்றத்தில் உட்கார்ந்த இத்தனை வருடங்களில் அவருக்கு அப்படி ஆனதில்லை.

•

வெயில் ஏறியபோது வெளியே பெண்குரல் கேட்டது. காவலன் தடுப்பதும், அவள் அவனைத் தள்ளுவதும் கேட்டது. சேந்தி உள்ளே வந்தாள். அவளுக்கு முன்னால் எள்ளின் வாசனை வந்தது.

"நெசந்தானா? நான் நம்பலை. கையை வெட்டுவீங்கன்னு பாத்தா, கோத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே ஐயா!"

"பொழுது சாயும்வரை விடக்கூடாதுன்னு எனக்குக் கட்டளை, சேந்தி."

"யாரு போட்ட கட்டளை?"

"மலையில இருக்கிற குரத்தியார்."

"அவங்க வீட்டு எள்ளா மக்கிப்போகுது?" சேந்தியின் குரல் உடைந்தது. "மூட்டை மூட்டையா கிடக்கு. வீட்டுக்காரர் உப்பு வண்டியோட கடற்கரைப் பக்கம் போயிருக்கார். நானும் என் நாத்தனாரும் நுகத்தைத் தோள்ல வெச்சு இழுக்கிறோம். பாருங்க."

தோளைத் திருப்பிக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

வேட்டன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நிமிர்ந்து பாருடா. நீ பண்ணினதுதானே? நல்லாப் பாரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். காரியின் கைக்குள் நாடி துடித்தது. காரியும் அந்தத் தோளைப் பார்த்தார். வழக்கு மன்றத்துக்கு வந்தபோது அவர் மாடுகளைப் பற்றிக் கேட்டார், ஆற்றைப் பற்றிக் கேட்டார். மாடு போன வீட்டில் செக்கு எப்படிச் சுற்றுகிறது என்று கேட்கவில்லை.

"என்ன செய்யணும்னு சொல்லு சேந்தி," என்றார்.

"சொன்னா செய்வீங்களா?"

"இந்தக் கையை விடாம செய்யற காரியமா இருந்தா செய்யறேன்."

சேந்தி ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள்.

"அப்ப எழுந்து வாங்க. ரெண்டு பேரும்."

•

சேந்தி வீட்டுச் செக்கின் நுகத்தடியில் ஒரு பக்கம் வேட்டன் நின்றான். மறுபக்கம் நடுவர் காரி நின்றார். நடுவில் இரண்டு கைகளும் கோத்திருந்தன.

தெரு நிறைய ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். யாரோ மாட்டை அதட்டுவது போல நாக்கைச் சொடுக்கினார்கள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது.

"ஐயா, நீங்க உள்பக்கமா வாங்க," என்றான் வேட்டன் மெதுவாக. "வெளிப்பக்கம் சுத்து அதிகம்."

கையை விடாமலே அரைவட்டம் சுற்றி, எதிர்த்திசையைப் பார்த்து இடம் மாறி நின்றார்கள். சேந்தி எள்ளைக் கொட்டினாள். செக்குலக்கை ஒரு முறை முனகிற்று. பிறகு நகர்ந்தது.

முதல் சுற்றில் காரியின் கால் வழுக்கியது. வேட்டன் கையை இறுக்கினான். அவர் விழவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. உலக்கையின் முனகல் இருந்தது, இருவரின் மூச்சு இருந்தது. காரியின் மேல்துணி நழுவி மண்ணில் விழுந்தது. அதை எடுக்க அவர் நிற்கவில்லை. நரைத்த மார்பில் வேர்வை ஓடியது. நுகம் தோளில் அறுத்த இடத்தில் எரிந்தது. சேந்தி காட்டிய அதே இடம்.

சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

வேட்டன் தன்னை அறியாமல் தொண்டைக்குள்ளே ஒரு சத்தம் கொடுத்தான். வண்டிக்காரர்கள் மேட்டில் மாட்டுக்குக் கொடுக்கும் சத்தம். கொட்டகைக்குள்ளிருந்து நொண்டி மாடு அதற்குப் பதில் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே கயிற்றை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தது. செக்கடிக்கு அருகில் நின்று, அவன் சுற்றி வரும்போது அவன் இடது தோளை நக்கியது. அடுத்த சுற்றுக்குக் காத்து நின்று மறுபடியும் நக்கியது.

சேந்தி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நன்றி கெட்டதே," என்றாள் மாட்டிடம். சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. காரியிடம் நீட்டினாள். அவர் குடித்துவிட்டு வேட்டனிடம் கொடுத்தார். அவள் தடுக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

எண்ணெய் இறங்கத் தொடங்கியது. முதலில் சொட்டாக, பிறகு நூலாக.

கூட்டத்தில் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏன் கட்டிக்கொண்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

பொழுது சாய்ந்தது.

காரி கையை விட முயன்றார். விரல்கள் விறைத்துப்போயிருந்தன, திறக்க வரவில்லை. வேட்டன்தான் தன் இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

"தீர்ப்பு?" என்றாள் சேந்தி.

"உனக்கு என்ன வேணும்?"

"வெட்டின கை எனக்கு எதுக்கு ஐயா? அது செக்கு இழுக்குமா?" சற்று நிறுத்தினாள். "ஆனா ஒண்ணு. நான் மன்னிக்கலை. அதையும் தீர்ப்புல சேர்த்துச் சொல்லுங்க."

காரி செக்கடியில் நின்றபடியே சொன்னார்.

"வேட்டன் குற்றவாளி. தண்டனை வலது கை. அதை அடுத்த மழைக்காலம்வரை நிறுத்திவைக்கிறேன். அதுவரைக்கும் அவன் இந்தச் செக்கில் உழைக்கணும். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சேந்தி அவனை மன்னிக்கலை."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஊர்த்தலைவர் பூதன் முன்னால் வந்தார். மணற்குடியில் பெரிய மாட்டு மந்தை அவருடையது.

"மறுபடி திருடினா?"

"மறுபடியும் நான்தான் தீர்ப்புச் சொல்லணும்."

"சொல்வீங்க, சொல்வீங்க. மாடு போறது எங்க வீட்டுலதானே?" என்று சொல்லிவிட்டுப் பூதன் போய்விட்டார்.

•

பனிக்காலம் போயிற்று. சேந்தியின் கணவன் உப்பு வண்டியோடு திரும்பி வந்தான். வண்டி மாட்டில் ஒன்றைச் செக்குக்கு விட்டான். வேட்டன் எள் சுமந்தான், பிண்ணாக்கு தட்டினான், நொண்டி மாட்டுக்குக் காலில் பச்சிலை வைத்துக் கட்டினான். அவனைப் பார்த்ததும் கன்றுகளை உள்ளே இழுத்துக் கட்டியவர்கள் நாளாக ஆக அதை மறந்துபோனார்கள்.

கோடை முடியும் தறுவாயில் ஒரு நாள் பூதனின் செவலைக் கன்றைக் காணவில்லை. வேட்டனையும் காணவில்லை.

ஊர் காரியின் வாசலில் வந்து நின்றது.

"பாத்தீங்களா உங்க கருணையை?" என்றார் பூதன். கன்றின் தாய்ப்பசு தெருவெல்லாம் கேட்கக் கதறிக்கொண்டிருந்தது. காரி தலை நிமிரவில்லை. சேந்தி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் காரிக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது.

மறுநாள் காலையில் தேடுவதற்கு ஆட்கள் கிளம்பினார்கள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டார்கள்.

ஆற்றுப் பாதையில் வேட்டன் வந்துகொண்டிருந்தான். கன்று அவன் பின்னால் வந்தது. அவன் துணி இடுப்புவரை நனைந்திருந்தது.

நேரே மன்றத்துக்கு வந்தான். கயிற்றைப் பூதனிடம் கொடுத்தான்.

"நான்தான் அவுத்தேன். ஆத்துல இறங்கிட்டேன். திரும்பிட்டேன்."

"ஏன் திரும்பினே?" என்றார் காரி.

"தெரியாது ஐயா."

பூதனின் ஆட்கள் அவனைக் கட்டினார்கள். அவன் கையை நீட்டிக்கொடுத்தான்.

"பழைய தண்டனையும் இருக்கு, புதுக் குற்றமும் இருக்கு," என்றார் பூதன். "இன்னைக்கு மன்றம் கூடணும். கோடரிக்காரனுக்கு ஆள் அனுப்பியாச்சு."

காரி மலைக்குப் போனார்.

•

"மறுபடியும் திருடிவிட்டான், அடிகளே. அவனே திரும்பியும் வந்துவிட்டான். நான் எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல? போனதைப் பார்த்தா, வந்ததைப் பார்த்தா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் குரத்தி.

காரி திகைத்துப்போனார்.

"நான் அவனைக் கண்ணால்கூடக் கண்டதில்லையே," என்றார் குரத்தி.

"நீங்கள் என் ஆசான்."

"உனக்கு ஆசான். அவனுக்கு யார்?"

காரி நெற்றியைப் பாறையில் வைத்தார். பாறை சுட்டது. அப்படியே கிடந்தார்.

"இதுவரை யாரிடமெல்லாம் கேட்டாய்?" என்றது குரத்தியின் குரல்.

"வழக்கம் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டேன். பூதனிடம் கேட்டேன். சேந்தியிடம் கேட்டேன். வீட்டில் மனைவியிடமும் கேட்டேன். எல்லாம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன்."

"வேறு?"

"வேறு யாரும் இல்லை, அடிகளே. இந்த வழக்கில் வேறு யார் இருக்கிறார்கள்?"

 காரி தலையைத் தூக்கினார். குரத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரி வெகுநேரம் காத்திருந்தார். குரத்தி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எழுந்து, கும்பிட்டுவிட்டு, இறங்கினார்.

பாதி வழியில் கால் நின்றுவிட்டது. பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டார்.  யாரிடம் கேட்காமல் விட்டோம் என்று அவருக்கு இப்போது தெரிந்தது.

மீதிப் பாதையை ஓடி இறங்கினார்.

•

மன்றம் நிறைந்திருந்தது. கோடரிக்காரன் மரக்கட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தான். அதற்குப் பக்கத்தில் வேட்டன் மண்டியிட்டிருந்தான்.

காரி தன் இருக்கைக்குப் போகவில்லை. மூச்சு வாங்க நேரே வேட்டனிடம் வந்து அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"வேட்டா, நீ ஏன் திருடினேன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன். இப்ப அதைக் கேக்கலை. நீ திருடாம இருக்கணும்னா என்ன செய்யணும்? எனக்குத் தெரியலை. மன்றத்துல யாருக்கும் தெரியலை. உனக்குத் தெரியுமா?"

"திருடன்கிட்டயே கேக்கறீங்களா!" என்றார் பூதன்.

காரி திரும்பவில்லை.

  வேட்டன் யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தான். தன்னிடம்தான் கேட்கிறார்களா என்று அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"சொல்லு," என்றார் காரி. "நேரம் எடுத்துக்க."

மன்றம் காத்திருந்தது. கோடரிக்காரன்கூடக் கழுத்தை நீட்டிக் கேட்டான்.

"நாள் பூரா ஒண்ணும் இல்லை ஐயா," என்றான் வேட்டன். குரல் தரையோடு இருந்தது. "ராத்திரியும் ஒண்ணும் இல்லை. மேய்ச்சல்லேருந்து மாடு திரும்பும்ல, அந்த நேரம்தான். மணிச் சத்தம் கேக்கும். தெருவெல்லாம் புழுதியா இருக்கும். ஒவ்வொண்ணும் அதது வீடு வந்ததும் தானாத் திரும்பி உள்ள போகும். யாராச்சும் உள்ளேருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அப்புறம் கதவைச் சாத்திடுவாங்க. தெருவுல நான் மட்டும் நின்னுக்கிட்டு இருப்பேன்."

நிறுத்தினான்.

"ஆத்துல நிக்கும்போதுதான் யோசிச்சேன். எப்பவும் அந்த நேரம்தான். அந்த நேரத்துக்கு மட்டும் என்கூட யாராவது இருந்தா போதும் ஐயா. மத்த நேரத்தை நான் பாத்துக்குவேன்."

 பெண்கள் பக்கத்தில் சேந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.   தலைக்கு மேலே கூரையே இல்லாதது போல, மலையின் உச்சியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது காரிக்கு. 

வெகு தூரத்தில் மணிகள் கேட்டன.

மந்தை ஏரிக்கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் கேட்டார்கள். வேட்டனின் தோள்கள் மெல்ல விறைப்பதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

பூதன் எழுந்தார்.

அவர் முகம் கல்லாக இருந்தது. கூட்டத்தை மிதித்துவிடுவது போல நடந்து வந்தார். கட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்று வேட்டனைக் குனிந்து பார்த்தார்.

"என் மகனுங்க ரெண்டு பேரும் வியாபாரத்துக்குப் போயி வருஷக்கணக்காச்சு," என்றார். "மாடு திரும்பற நேரத்துல தொழுவத்துல நான் ஒருத்தன்தான் நின்னு ஒவ்வொண்ணா கட்டிக்கிட்டு இருக்கேன்."

வேட்டன் அவரை அண்ணாந்து பார்த்தான்.

"கட்டத் தெரியும்ல உனக்கு?"

 வேட்டன் தெரியும் என்று தலையசைத்தான்.

மணிச் சத்தம் நெருங்கிவிட்டது. பூதன் நடுவரின் பக்கம் திரும்பினார். அவர் குரல் எப்போதும்போல அதட்டலாகத்தான் இருந்தது.

"தீர்ப்பைச் சீக்கிரம் சொல்லுங்க ஐயா. மாடு வந்துடும்."